ஐந்து வரி அட்டவணை: கோட்டாற்றில் நான் படித்த ஸ்பானிஷ் வகுப்பு

எங்கள் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. இதே கன்னியாகுமரி மாவட்டத்துச் சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் வரும். அங்கே ஏப்ரல் 15-லேயே தடைக்காலம் தொடங்கிவிடும். நான் குளச்சலில் கணவாய் மீன் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தடைக்காலத்தில் ஐஸ் பில்லும் இல்லை, லாரி வாடகையும் இல்லை. பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மாதத்தை இந்த வருடமாவது வீணாக்கக் கூடாது என்றுதான் கோட்டாற்றில் நடக்கிற ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

கணக்கு எழுதுகிறவளுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று என் மாமியாரே கேட்டார். எங்கள் சரக்கில் பெரும்பகுதி விகோ என்கிற துறைமுகத்துக்குப் போகிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிற ஊர், மீனுக்குப் பேர் போனது. அங்கே தரம் பார்க்கிற மனிதருக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்று வார்த்தை: குட், நோ குட், ப்ராப்ளம். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு மதியம் 1:30. அவர்களுடைய கோடையில் 12:30. இரண்டுமே நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரம். மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கும் நேரம். போன் அடித்தால் எடுக்க வேண்டியது நான்தான்.

வகுப்பு நடப்பது சவேரியார் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிற வீட்டு மாடியில். போர்டு கிடையாது. கீழே சைக்கிளும் செருப்பும் குவிந்திருந்தால் வகுப்பு உண்டு என்று அர்த்தம். சனிக்கிழமை 10 மணி முதல் 1 மணி வரை, 12 வாரம். கட்டணம் மொத்தம் 4,500 ரூபாய், ஜெராக்ஸுக்குத் தனியாக 150. திங்கள்நகரிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் வழிச்செலவு எனக்கு ஒரு சாயாவோடு முடிந்தது. தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று பஸ் ஊர்ந்து வருகிற நேரம்தான் என் வீட்டுப்பாட நேரம். உதடு மட்டும் அசையும். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சொல்லிக்கொடுப்பவர் ஒரு கன்னியாஸ்திரி. பெரு நாட்டில் 20 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, வயதான பிறகு ஊர் திரும்பியவர். நாங்கள் ஒன்பது பேர்: மடத்தில் சேர்ந்து வெளிநாடு போகப்போகிற இரண்டு பிள்ளைகள், மார்த்தாண்டத்து நர்ஸ் ஒருத்தி, கப்பல் வேலைக்குக் காத்திருக்கிற தூத்தூர் பையன்கள் மூன்று பேர், தக்கலையிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், காலேஜ் படிக்கிற ஒரு பெண், அப்புறம் நான். தலைமை ஆசிரியர் ஏன் படிக்கிறார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. கேட்டால் "சும்மா இருக்கறதுக்கு இது தேவல" என்பார்.

இதற்கு முன்னால் நான் இரண்டு முறை தோற்றவள். முதலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் முதல் பாடமே ஒரு எச்சரிக்கை: ஸ்பானிஷில் ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறும், பயப்படாதீர்கள் என்று. அதைப் படித்துத்தான் எனக்குப் பயம் வந்தது. அப்புறம் போனில் ஒரு செயலி. தினமும் பத்து நிமிடம் தட்டினால் போதும் என்றார்கள், தட்டினேன். ஆப்பிள் தின்கிறேன், பால் குடிக்கிறேன் என்பதைத் தாண்டி நகரவில்லை.

சிஸ்டர் முதல் நாள் கரும்பலகையில் ஸ்பானிஷ் எதையும் எழுதவில்லை. "பேசுகிறேன்" என்று தமிழில் எழுதினார். பத்தாம் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினோம். தூத்தூர் பையன் ஒருவன் பாதிக் கை. பிரிக்கச் சொன்னார். பேசு, கிறு, ஏன். பகுதி, இடைநிலை, விகுதி. "அவ்வளவுதான். ஸ்பானிஷ்ல நடுவுல உள்ள கிறுவை எடுத்துப் போடு, பகுதியும் விகுதியும் மிச்சம்" என்றார். பேசுவது என்பதற்கு அங்கே ஆப்லார். கடைசியில் இருக்கிற ஆரைக் கழற்றினால் ஆப்ல் மிச்சம். அதில் விகுதியை ஒட்டு: ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லா, பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது எல்லாம் ஒன்று. ஆப்லாமோஸ், பேசுகிறோம். ஆப்லான், பேசுகிறார்கள்.

ஏன் என்ற விகுதியே நான் என்று சொல்லிவிடுவதால் தமிழில் நாம் நான், நான் என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அங்கேயும் அப்படித்தான். ஆப்லோ என்றால் போதும். நானுக்கு ஒரு சொல் இருக்கிறது, அதை அழுத்திச் சொல்லும்போது மட்டும் எடுத்தால் போதும். அந்த ஆங்கிலப் புத்தகம் இதை விளக்க நாலு பக்கம் எடுத்துக்கொண்டது. இங்கே நாலு நிமிடம். அதிலும் ஒரு நிமிடம் தலைமை ஆசிரியர் சாரியை பற்றிக் கேட்ட சந்தேகத்துக்குப் போனது.

தமிழ் உதவி செய்கிற இடத்திலேயே காலை வாருவதும் உண்டு. ஆப்லான் என்று கேட்டதும் என் மண்டையில் அவன் பேசுகிறான் என்றுதான் விழுகிறது. ஆன் விகுதி நமக்கு ஆண்பால் ஒருமை. அங்கே அது பலர். மூன்று வாரம் நான் "என் அண்ணன் ஆப்லான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் "உனக்கு எத்தனை அண்ணன்?" என்பார். ஒரு அண்ணன்தான்.

பேசு, தின், வாழ். இந்த மூன்றுதான் முதல் மாதம். ஆர், ஏர், ஈர் என்று முடிகிற மூன்று குடும்பத்துக்கும் ஒவ்வொரு தலைவர்: ஆப்லார், கோமேர், பிபீர். தின்கிறேன் கோமோ, தின்கிறாய் கோமெஸ், தின்கிறோம் கோமேமோஸ். வாழ்கிறேன் பீபோ, வாழ்கிறாய் பீபெஸ், வாழ்கிறோம் பிபீமோஸ். இரண்டாவது மூன்றாவது குடும்பத்துக்கு எங்கள் அட்டவணையில் ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம்: ஏமோஸ், ஈமோஸ். நர்ஸ் பிள்ளை "எதுக்கு சிஸ்டர் மூணு வகை, ஒண்ணே போதாதா?" என்று அலுத்துக்கொண்டாள். சிஸ்டர் பலகையில் எழுதுகிறேன், படிக்கிறேன் என்று இரண்டையும் எழுதினார். ஒன்றில் ஒரு க், மற்றதில் இரண்டு க். "ஏன்?" என்று எங்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. உடைகிறது, உடைக்கிறது என்று மாற்றிச் சொன்னால் அர்த்தமே மாறும், ஆனால் ஒரு நாளும் நாம் தப்பாகச் சொல்வதில்லை. பிறந்தது முதல் வினை வகைகளுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது 41 வயதில்தான் எனக்கு உறைத்தது.

பயிற்சிக்கு இரண்டு அண்டிப்பருப்பு டப்பா வைத்திருக்கிறார். ஒன்றில் ஆட்கள் சீட்டு: நான், நீ, அம்மாவும் நானும், மேனேஜர், தூத்தூர்காரர்கள். மற்றதில் வினைச் சீட்டு. இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து, மூன்று எண்ணுவதற்குள் வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு முறை மாதாவும் தூங்குவதும் சேர்ந்து வந்துவிட்டது. மடத்துப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார்கள். அச்சடித்த அட்டவணையை நூறு முறை எழுதுவதைவிட இந்த டப்பா நல்லது. அட்டவணை எழுதுகிறவன் மேலிருந்து கீழேதான் இறங்குவான். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று பாட்டுப் பாடாமல் ஆப்லாமோஸ் வராது. டப்பா நேரே நடுவில் கொண்டு தள்ளும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடிக்குத் தகரக் கூரை. ஜூன் மாதத்து மேற்கு மழை விழுந்தால் ஆப்லாவும் ஆப்லாஸும் ஒன்றுதான். கடைசி ஸ் கேட்காது. அந்த ஒரு ஸ்ஸில்தான் நீயும் அவனும் பிரிகிறார்கள் என்பதால் இது சின்னக் குறை அல்ல. முன் பெஞ்சில் உட்காருங்கள்.

ஐந்தாவது வாரம் ஒழுங்கில்லாத வினைகள் தொடங்கின. என் கணக்கில் இந்த வகுப்பின் உச்சம் இதுதான். இடது பக்கம் ஒருமை மூன்று வரி, வலது பக்கம் பன்மை என்று கட்டம் போட்டு, முடியும் என்கிற போதேர் வினையை எழுதினார். என்னால் முடிகிறது புவெதோ. உன்னால் புவெதெஸ். அவனால் புவெதெ. வலது பக்கம் மேலே, நம்மால், போதேமோஸ். கீழே, அவர்களால், புவெதென். ஓ எழுத்து உவெ என்று உடைந்த கட்டங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார். இடது பக்கம் மேலிருந்து கீழ், அப்புறம் கீழே வலது பக்கம். "என்ன எழுத்து?" என்றார். ட! இந்த வினைகளை ஆங்கிலப் புத்தகத்தில் பூட்ஸ் வினை என்று சொல்லி, கோட்டை ஒரு பூட்ஸ் படமாக வரைந்திருந்தார்கள். நம்ம ஊரில் யார் பூட்ஸ் போடுகிறார்கள்? ட வினை என்றால் ஒரு முறை கேட்டால் போதும்.

ஏன் நாம் மட்டும் அந்த ட-வுக்கு வெளியே நிற்கிறோம்? ஸ்கேலால் மேஜையைத் தட்டிக் காட்டினார். புவெதோ என்கிறபோது தட்டு முதல் அசையில் விழுகிறது. அழுத்தம் விழுந்த இடத்தில் ஓ தாங்காமல் உவெ என்று உடைகிறது. போதேமோஸில் தட்டு நடுவே, தே-யில் விழுகிறது. முன்னால் இருக்கிற போ-வுக்கு அடி இல்லை, அது முழுசாகத் தப்பிக்கிறது. இதே கதைதான் வேண்டும் என்பதற்கும்: கியேரோ, கியேரெஸ், கியேரெ, ஆனால் கெரேமோஸ். தூங்கு: துவெர்மோ, ஆனால் தோர்மீமோஸ். கேட்டு வாங்குகிற பெதீர் மாதிரி வினைகளில் மட்டும் எ உடைவதற்குப் பதில் இ ஆகிவிடும்: பீதோ, ஆனால் பெதீமோஸ். காரணம் தெரிந்த பிறகு மனப்பாடம் பாதியாகக் குறைந்தது. வா என்பதை வருகிறேன் என்று சொல்கிற நமக்கு இதில் குறை சொல்ல வாய் இல்லை.

அடுத்த கூட்டம் நான் என்று சொல்லும்போது மட்டும் முறைத்துக்கொள்கிற வினைகள். மற்ற வரிகளில் எப்படி இருந்தாலும் தன்மை ஒருமையில் ஒரு கோ வந்து ஒட்டும். இதற்குத்தான் எங்கள் ஊர்க் காது பெரிய உதவி. என்னிடம் இருக்கிறது என்றால் தெங்கோ. நான் தெங்கு, அதாவது தென்னை, என்று குறித்து வைத்தேன், எங்கள் விளையில் எட்டு மூடு நிற்கிறது, மறக்காது. வருகிறேன் என்றால் பெங்கோ. வைக்கிறேன் என்றால் போங்கோ. சிஸ்டர் முதல் முறை மேஜையில் புத்தகத்தை வைத்துக்கொண்டே "போங்கோ" என்றதும் காலேஜ் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்குத் தெரியும் என்பதற்கு அவர்கள் சொல்வது சே. தெரியாது என்பதற்கு நோ சே. தெரிந்தவன் சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், போகிறேன் என்பதற்குச் சொல் போய். பஸ்ஸுக்கு உள்ள ப போட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். போய், பாஸ், பா, பாமோஸ், பான். எந்த உறவும் இல்லாத இரண்டு மொழியில் இப்படி ஒரு சொல் வந்து மாட்டுவது தற்செயல்தான், ஆனால் அந்த வினை முழுக்க ஒழுங்கே இல்லாதது. தொங்கிக்கொள்ள முதல் கிளை கிடைத்தால் லாபம்தானே.

இரு என்பதற்கு அங்கே இரண்டு வினை. புத்தகங்கள் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிக்கும். சிஸ்டர் சொன்ன வழி வேறு. தமிழில் வினையே இல்லாமல் நிற்கிற வாக்கியம் என்றால் செர். இருக்கு போட்டால்தான் நிற்கும் என்றால் எஸ்தார். நான் கணக்குக்காரி: வினை இல்லை, ஆகவே சோய். நான் குளச்சலில் இருக்கிறேன்: எஸ்தோய் என் குளச்சல். அந்த என் நம்முடைய இல் வேற்றுமை, என்னுடைய குளச்சல் என்று பெருமைப்பட வேண்டாம். பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதில் இரு வருகிறதல்லவா, அங்கேயும் எஸ்தோய் ஆப்லாந்தோ. அருமையான வழி, ஆனால் எல்லா இடத்திலும் செல்லாது. வீடு பெரிதாக இருக்கிறது என்று நாம் சொல்வதற்கு அவர்கள் செர் போடுகிறார்கள். நான் எஸ்தார் போட்டு எழுதிக் கொடுத்தேன், சிவப்பில் சுழித்து வந்தது. "அது வீட்டோட குணம், மக்களே" என்றார். சரி, ஆனால் விதி சொல்லும்போதே விலக்கையும் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு பாடத்துக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை கொடுத்திருக்க வேண்டும்.

மற்றபடி, தமிழில் யோசிக்கிறவளுக்கு ஸ்பானிஷ் நிகழ்காலம் இத்தனை இணக்கமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. 11 வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு துணை வினைகளை வரிசையில் நிறுத்தி, பள்ளியில் அடி வாங்கியவள் நான். ஸ்பானிஷில் வெறும் நிகழ்காலம், நம்மைப் போலவே: திராபாஹோ, வேலை பார்க்கிறேன். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று நாளைய காரியத்தை இன்றைய வினையில் சொல்வதும் நம்மைப் போலவே: மன்யானா யாமோ. எனக்குக் கணவாய் பிடிக்கும் என்பதில் கணவாய்தான் எழுவாய், நான் வெறும் கு உருபு. அங்கேயும் மெ குஸ்தா எல் கலமார், அதே நான்காம் வேற்றுமை. கணவாய் பலவானால் குஸ்தான் என்று வினையும் பன்மையாகும். எனக்குத் தலை வலிக்கிறது, மெ துவெலெ லா கபேசா. இந்தப் பாடத்தை மற்ற இடங்களில் கடைசியில், தனி அத்தியாயமாகப் பயமுறுத்தி வைப்பார்கள். எங்களுக்கு அரை மணி நேரத்தில் முடிந்து, மிச்ச நேரம் யாருக்கு எந்த மீன் பிடிக்கும் என்று போனது. சாளையா அயிலையா என்று தூத்தூர் பையன்கள் சண்டையே போட்டார்கள், ஸ்பானிஷில்.

மரியாதை விஷயமும் இப்படித்தான். பெரியவர்களிடம் பேசும்போது உஸ்தெத் என்பார்கள், நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னிலை வினை வராது, படர்க்கை வினைதான் வரும், அவர் பேசுகிறார் என்பது போல. பழைய காலத்தில் தங்கள் தயவு என்கிற பொருளில் சொன்ன தொடர் தேய்ந்து உஸ்தெத் ஆனதாம், தயவு படர்க்கைதானே. நர்ஸ் பிள்ளைக்கு இது பிடிபடவே இல்லை. சிஸ்டர் கேட்டார், "உங்க வீட்ல மாமா வந்தா அவரு முகத்தைப் பாத்தே மாமா சாயா குடிக்கிறாரான்னு கேப்பியா இல்லியா?" கேட்போம். முடிந்தது பாடம்.

ஒரு நாள் மழை விடாமல் பெய்து வகுப்பு ஒரு மணி நேரம் நின்றுபோனது. அப்போது சவேரியாரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1506-இல் ஸ்பெயினின் நவார்ரா பக்கம் பிறந்தவர், 1542-இல் கோவா வந்து, அங்கிருந்து நம் கடற்கரைக்கு வந்தவர். விளங்கிய ஆட்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் பண்ணினார் என்பது அவருடைய கடிதங்களிலேயே இருக்கிறது. அட்டவணையும் கிடையாது, ஜெராக்ஸும் கிடையாது. "அவரு நம்ம ழகரத்துல என்ன பாடு பட்டாரோ, உனக்கு ட வினை கஷ்டமாக்கும்?" என்று சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் யாரையும் திட்டுவதில்லை. பார்ப்பார். அது போதும்.

சரி, இனி என் மனக்குறை.

சிஸ்டர் கொடுத்த அட்டவணையில் ஐந்து வரி. நான், நீ, அவர், நாம், அவர்கள். நீங்கள் என்று பலரைச் சொல்ல வேண்டுமா, அவர்கள் வரியையே எடுத்துக்கொள் என்பார். ஐந்து வரிதான் உலகம் என்று நானும் இருந்தேன். ஆகஸ்ட் 1 படகு இறங்கியது. கணவாய் வரத் தொடங்கி, பத்தாவது வாரத்தில், சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், போன். விகோக்காரர். நான் துணிந்து "ஓலா" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கடகடவென்று ஆரம்பித்தார். அதில் எனக்குத் தனியாகக் காதில் விழுந்தது இரண்டே சொல். டென்னிஸ். சோக்கோ.

டென்னிஸ் விளையாடுவதைப் பற்றியும் சாக்லேட்டைப் பற்றியும் ஒருவர் ஏன் கணவாய்க் கம்பெனிக்குப் போன் செய்கிறார்? நான் "நோ சே" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் "நோ சே". அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். வெளிநாட்டுக்காரரிடம் நான் போனில் "சே, சே" என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை இங்கே எழுத வேண்டாம். அப்புறம் மெயில் வந்தது. கேள்வி இதுதான்: உங்களிடம் ஓட்டுக் கணவாய் இருக்கிறதா?

சோக்கோ என்றால் அந்தப் பக்கத்தில் ஓட்டுக் கணவாய். புத்தகச் சொல் செப்யா. அதை விடுங்கள், மீன் பெயர் ஊருக்கு ஊர் மாறும், குளச்சலில் சொல்கிற பெயர் தூத்துக்குடியில் செல்லாது. டென்னிஸ்தான் என்னை வாட்டியது. அது தெனேய்ஸ். தெங்கோ, தியெனெஸ், தியெனெ, தெனேமோஸ், தியெனென் என்று நான் உருப்போட்ட ஐந்திலும் இல்லாத ஆறாவது. உங்களிடம் இருக்கிறதா என்று பழக்கமான பலரைப் பார்த்துக் கேட்கிற வினை. ஸ்பெயினில் காலை முதல் ராத்திரி வரை புழங்குவது. பெருவிலும் மற்ற தென்னமெரிக்க நாடுகளிலும் பேச்சில் கிடையாது. சிஸ்டர் பெருவில் இருந்தவர், ஆகவே அந்த வரி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. நன்றி என்பதற்கும் கிராசியாஸ் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். விகோக்காரர் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்து கிராத்தியாஸ் என்கிறார்.

சேருவதற்கு முன்னால் நான் எந்த நாட்டுக்காகப் படிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதித் தப்பு என்னுடையது. ஆனால் ஸ்பெயினுக்குப் போகிற நர்ஸும் அதே வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் இந்த வரி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. இன்னொன்று, 12 வாரத்தில் சிஸ்டர் குரலைத் தவிர வேறு ஒரு ஸ்பானிஷ் குரலைக் கூட நாங்கள் கேட்கவில்லை. ரேடியோ, வீடியோ எதுவும் இல்லை. சிஸ்டர் பேசுவது புட்டு அவித்த மாதிரி உதிர் உதிராக, தெளிவாக விழும். போனில் வந்தது அருவி.

அடுத்த சனிக்கிழமை அட்டவணையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். கோபம் வரும் என்று நினைத்தேன். டென்னிஸ் இடத்தில் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆமா, அது உண்டு. எனக்கு நாக்குல இல்ல, ஆனா தெரியும்" என்று சொல்லி, ஒன்பது பேருடைய தாளையும் வாங்கி, நாம் வரிக்கும் அவர்கள் வரிக்கும் நடுவே இருந்த சந்தில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றிலும் எழுதினார். ஆப்லாய்ஸ், கோமேய்ஸ், பிபீஸ், தெனேய்ஸ், போதேய்ஸ். அரை மணி நேரம் ஆனது; நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். போதேய்ஸ் எழுதும்போது நிமிர்ந்து, இதுவும் ட-வுக்கு வெளியேதான், தட்டு எங்கே விழுகிறது பார் என்றார். பார்த்தேன், தே-யில்தான் விழுந்தது.

தலைமை ஆசிரியர்தான் அதற்கு ஊர் உதாரணம் கண்டுபிடித்தார். சென்னையில் போறீங்களா என்பார்கள், நம்மிடம் போறியளா. மெட்ராஸ்காரனிடம் தமிழ் படித்துவிட்டு இரணியல் சந்தையில் வந்து நின்றால் முதல் நாள் முழிக்கத்தான் செய்வான். சிஸ்டர் தலையை ஆட்டினார்.

சேர நினைப்பவர்களுக்கு: அடுத்த வகுப்பு சவேரியார் கோயில் திருவிழா முடிந்து ஜனவரியில். ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது, முதல் நாளே நல்ல பிரதி கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் சிஸ்டருக்குப் பிடிக்காது, அழுத்தக் குறி போய்விடும் என்பார். அவர் சொல்வது சரிதான், நான் கேட்கவில்லை. தென்னமெரிக்கா போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஸ்பெயின் என்றால் சேருங்கள், ஆனால் முதல் வாரமே ஆறாவது வரியைக் கேளுங்கள், வீட்டில் ஸ்பெயின் வானொலி ஏதாவது ஓடவிடுங்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி தகரக் கூரைக்கு.

கடைசி நாள் நானும் தலைமை ஆசிரியரும் மாடிப்படி இறங்கும்போது சிஸ்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். சனிக்கிழமைகளில் பேசிப் பழக வந்தால் காசு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "பெனீஸ்?" என்றார்.

வாறியளா என்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் தலைமை ஆசிரியர் குடையை விரித்துக்கொண்டே "பெனீமோஸ், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார்.